மொட்டைப்பாறையில் டவர் கிடைக்கும்

அத்தியாயம் 14

ஜெனிபரைத் திட்டி இந்த வாரம் ஒன்பது கடிதங்கள். 'பெற்றவளை அப்படிப் பேசுவாளா ஒரு மகள்?' என்று சின்னமனூர் வாசகி ஒருவர் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டே கேட்டிருக்கிறார். பேசக் கூடாதுதான். பேசிவிட்டாள், நான் என்ன செய்ய?

போன வாரம் பத்திரிகை கைக்குக் கிடைக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போடியிலிருந்து வந்த மாப்பிள்ளை வேண்டாம், கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள் ஜெனிபர். அன்னத்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் வார்த்தை தடித்தது. கடைசியில் மகள் சொன்னாள்: "ஒரு செல்லையே ஒழுங்கா அமுக்கத் தெரியாது ஒனக்கு. எம் பொழப்புக்கு நீ முடிவு பண்றியா?"

அன்னத்தாய் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். விடியற்காலை ஐந்தரைக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, மகளிடம் சொல்லிக்கொள்ளாமல், கூலியாட்களை ஏற்றிப் போகும் கர்ணனின் ஜீப்பில் ஏறி மலை மேலிருக்கும் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். மலையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது மிஸ்பா கம்ப்யூட்டர்ஸ். உமர் பாருக் தம் மகள் பெயரில் வைத்த கடை. மகள் மிஸ்பா கல்லாவையும் ரீசார்ஜையும் பார்த்துக்கொள்கிறாள். கம்ப்யூட்டரும் செல்லும் ஜெனிபரின் பொறுப்பு. இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் அதில் 'இன்றைய யோசனை' என்று ஒன்றை எழுதிப் போடுவது ஜெனிபரின் வழக்கம். செல் தண்ணீரில் விழுந்தால் உடனே ஆன் செய்யாதீர்கள், பேட்டரியைக் கழற்றி இரண்டு நாள் அரிசிக்குள் வையுங்கள். கம்ப்யூட்டரில் பத்து வரி அடித்தால் ஒரு தடவை சேவ் செய்யுங்கள், கரண்ட் உங்களைக் கேட்டுவிட்டுப் போகாது. இப்படி. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிலர் உள்ளே வந்து செய்து தரச் சொல்வார்கள்.

பதினைந்து நாளைக்கு முன்னால் எழுதியதுதான் இருப்பதிலேயே பெரிய வெற்றி. மலைக்குப் போகிறவர்களின் செல், கேரள எல்லையிலுள்ள மேட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் தானாகக் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் ரோமிங். வருகிற அழைப்பை எடுத்தாலே பேலன்ஸ் கரையும். செல்லின் செட்டிங்கில் நெட்வொர்க்கை 'ஆட்டோமேட்டிக்'கிலிருந்து 'மேனுவல்' ஆக்கி, நம் ஊர் டவரிலேயே பூட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வீட்டில் கிடந்த செல்லையெல்லாம் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு ஜெனிபர் பூட்டினாள். திங்கட்கிழமை பலகையில் எழுதினாள். அந்த வாரம் முழுக்கக் கடையில் கூட்டம். 'எனக்கும் பூட்டி விடுத்தா' என்று ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களும் ஜீப்காரர்களும் வரிசையில் நின்றார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்றைக்கு மணி எட்டு நாற்பது. சாக்பீஸும் கையுமாகப் பலகை முன்னால் நின்றாள். எழுத ஒன்றும் ஓடவில்லை. ராத்திரி தான் சொன்ன வார்த்தைதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

அப்போதுதான் அப்பா ஓடி வருவதைப் பார்த்தாள்.

சுந்தர்ராஜ் வாழைக்காய் மண்டியில் தார் எடை போடுகிறவர். நிதானமான மனிதர். அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. இன்று ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"ஆத்தா, ஒங்கம்மாவுக்குப் போனப் போடு."

"என்னப்பா?"

"போடுத்தா முதல்ல!"

மிஸ்பா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க மாமா. என்னன்னு சொல்லுங்க."

"மேட்டு ரோட்டுல எட்டாவது வளைவுல மலை சரிஞ்சு கெடக்காம். ஒரு ஜீப்பு உள்ள மாட்டிருச்சுன்னு பேசிக்கிறாக. ஒருத்தன் கர்ணன் வண்டிங்கிறான். இன்னொருத்தன் இல்லைங்கிறான். ஒங்கண்ணன் அஜய் பைக்க எடுத்துக்கிட்டு அங்கன ஓடியிருக்கான்."

"எத்தன மணிக்குச் சரிஞ்சுச்சாம்?"

"ஆறுங்கிறாக. ஆறேகாலுங்கிறாக. யாரு நின்னு பாத்தா?"

ஐந்தரைக்குக் கிளம்பும் ஜீப், அடிவாரத்தில் டீக்கு நிற்கும். எட்டாவது வளைவுக்கு ஆறு அல்லது ஆறு பத்துக்குப் போகும். ஐந்து நிமிடம் முந்தியிருந்தால் அம்மா இந்நேரம் எஸ்டேட்டில் இருப்பாள். பிந்தியிருந்தால் என்ன என்பதை ஜெனிபர் நினைக்கவில்லை. நம்பரை அமுக்கினாள்.

'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்றது பதிவு செய்த பெண்குரல்.

மறுபடி அமுக்கினாள். அதே குரல்.

கர்ணனின் நம்பருக்குப் போட்டாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. அதில் ஆச்சரியமில்லை. அடிவாரத்தில் டீ குடிக்கும்போதே தமிழ்நாட்டு சிம்மைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, கேரள சிம்மை மாட்டிக்கொள்வான் கர்ணன். எஸ்டேட் ஆபீஸ் லேண்ட்லைன் மூன்று நாளாகச் செத்துக் கிடக்கிறது. ஜீப்பில் கர்ணனோடு பதினோரு பெண்கள். செல் இருப்பது கர்ணனிடமும் அன்னத்தாயிடமும் மட்டும்.

"போயிச் சேந்திருந்தா எப்பவும் ஒரு மிஸ்டு கால் குடுப்பாளேத்தா" என்றார் சுந்தர்ராஜ். "எனக்குப் பதினஞ்சு நாளா வாரதில்ல. சாயங்காலந்தான் வருது. நான் கேக்கல. கோவமா இருப்பாளோன்னு இருந்துட்டேன்."

ஜெனிபர் செல்லைக் கீழே வைத்தாள்.

"அவளால குடுக்க முடியாதுப்பா."

"ஏன்?"

"நாந்தான் பூட்டி வச்சேன். கேரளா டவரு புடிக்காது. மேட்டத் தாண்டிட்டா அம்மா செல்லு சும்மா டப்பா."

சுந்தர்ராஜ் மகளைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. அவர் திட்டவில்லை. "அப்ப அவ உசுரோட இருந்தாலும் நமக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

ஆமாம். அவ்வளவுதான் விஷயம். அம்மா எஸ்டேட்டில் பத்திரமாக இருந்தாலும் இந்தக் குரல்தான் கேட்கும். மண்ணுக்குள் போய், செல் நொறுங்கிக் கிடந்தாலும் இதே குரல்தான் கேட்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதபடி செய்தவள் அவள்தான்.

மேட்டைத் தாண்டிய பிறகு நம் ஊர் டவர் கிடைப்பது ஒரே இடத்தில். எஸ்டேட் பாதையில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைப்பாறை. அங்கே நின்றால் கீழே கம்பம் முழுக்கத் தெரியும். சாயங்காலம் திரும்பும்போது எல்லா ஜீப்பும் அங்கே இரண்டு நிமிடம் நிற்கும். செல் வைத்திருப்பவரிடம் வாங்கி ஆளுக்கொரு மிஸ்டு கால் வீட்டுக்குக் கொடுப்பார்கள். மொட்டைப்பாறை மிஸ்டு கால் வந்தால் இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆள் வீட்டில் இருக்கும், உலையை வைக்கலாம் என்று அர்த்தம். சுந்தர்ராஜ் வீட்டில் உலை வைப்பது சுந்தர்ராஜ்தான்.

ஜெனிபர் உட்கார்ந்தாள். மெசேஜ் செட்டிங்கில் 'டெலிவரி ரிப்போர்ட்' ஆன் செய்திருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மெசேஜ் போய்ச் சேர்ந்தால் போய்ச் சேர்ந்த நேரத்தோடு தகவல் திரும்பி வரும். இதையும் ஒரு நாள் பலகையில் எழுதியிருக்கிறாள்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அந்தச் செல்லில் தமிழ் எழுத்து வராது. ஆனால் மகளின் செல்லில் தன் பெயர் எப்படித் தெரியும் என்று ஒரு நாள் எட்டிப் பார்த்து, அந்த நாலு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். ஜெனிபர் அதை மட்டும் அடித்தாள். 'AMMA'. மணி ஒன்பது ஐந்து.

அனுப்பினாள். 'பெண்டிங்' என்று வந்தது.

ஒன்பது நாற்பதுக்கு அஜய்குமார் கூப்பிட்டான். அண்ணன் குரலுக்குப் பின்னால் ஜேசிபி இரைந்தது.

"ஏ ஜெனி, அப்பா அங்கன இருக்காகளா?"

"இருக்காக. சொல்லுண்ணே."

"அவுகளுக்குக் கேக்காம தள்ளி வா."

அவள் பிரிண்டர் பக்கம் தள்ளிப் போனாள்.

"ரோட்டையே காணோம் புள்ள. மேலருந்து கீழ வரைக்கும் ஒரே சகதி. ஒரு தூக்குவாளி கெடச்சிருக்கு."

"யாரு தூக்குவாளி?"

"தெரியல. நசுங்கிக் கெடக்கு. மூடியில பேரு இருந்த மாதிரி இருக்கு, சொரண்டிப் போச்சு. நம்ம வாளியில அம்மா பேரு வெட்டியிருக்குமா?"

"எல்லார் வாளியிலயும் வெட்டியிருக்கும்ணே" என்றாள். அழக் கூடாது, அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று உதட்டைக் கடித்தாள்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு. யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது. மிஸ்பா வழக்கம்போல மூன்றாவது கம்ப்யூட்டரை அணைக்கக் கை நீட்டினாள்.

"அணைக்காத மிஸ்பா!"

"என்னடி?"

"கர்ணண்ணே செல்லு போன மாசம் தண்ணிக்குள்ள விழுந்துச்சுல்ல? நம்பரெல்லாம் கேபிள் போட்டு இதுல ஏத்தி வச்சோமே. கேரளா நம்பரு அதுல இருக்கும்."

"அவரு நம்பர அவரு செல்லுல எதுக்கு வச்சிருக்கப் போறாரு?"

"அவருக்கு அது மனப்பாடம் கெடையாது. கேக்குறவுகளுக்குச் சொல்றதுக்குன்னு போட்டு வச்சிருந்தாரு. நான் பாத்தேன்."

"யூபிஎஸ் பத்து நிமிசந்தான் தாங்கும்."

"மத்த ரெண்டையும் அமத்து. பிரிண்டர் வயரப் புடுங்கு. ஸ்பீக்கரையும்."

மிஸ்பா தரையில் மண்டிபோட்டு ஒவ்வொரு வயராகப் பிடுங்கினாள். ஜெனிபர் கோப்புகளைத் திறந்தாள். போன மாதம் மட்டும் இருநூறு கோப்பு. 'புது', 'புது1', 'ரேஷன்', 'கல்யாணப் பத்திரிகை கடைசி', 'கல்யாணப் பத்திரிகை உண்மையான கடைசி'. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள் தன் கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கவில்லை.

தேடும் பக்கத்தைத் திறந்தாள். ஓரத்தில், தேடும்போது எப்போதும் வரும் மஞ்சள் நாய்க்குட்டிப் படம் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. கோப்பின் பெயர் ஞாபகம் இல்லையென்றால் கோப்புக்குள் இருக்கும் வார்த்தையைக் கொடுத்தும் தேடலாம். 'KERALA' என்று அடித்தாள்.

நாய்க்குட்டி தரையை மோந்துகொண்டே இருந்தது. யூபிஎஸ் கீச்சுச் சத்தத்தின் இடைவெளி குறைந்தது.

"வெரசாத் தேடு நாயே" என்றாள் மிஸ்பா. வேறு சமயமாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

ஏழு கோப்பு வந்தன. நான்காவதில் இருந்தது. 'KERALA MY NO'. பேப்பர் தேட நேரமில்லை, உள்ளங்கையில் எழுதினாள். கடைசி இலக்கத்தை எழுதி முடித்து மறுபடி சரிபார்க்க நிமிர்ந்தபோது திரை கறுத்துவிட்டது.

கடை லேண்ட்லைனில் அந்த நம்பரைப் போட்டாள். சில வினாடி ஒன்றும் இல்லை. பிறகு மணி அடித்தது.

அடித்தது! சுந்தர்ராஜ் எழுந்து வந்து ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டார். முழுக்க அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடி முழுக்க அடித்தது.

தன் செல்லில் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கர்ணண்ணே செல்லு ரிங் போகுது. யாரும் எடுக்கல."

அஜய் மெதுவாகக் கேட்டான்: "இப்ப அடிச்சா இன்னும் போகுமா?"

"போகும்."

"நான் சொல்றப்ப அடி. மண்ணுக்குள்ள இருந்தா சத்தம் கேக்கும்ல?"

அவள் அதை நினைக்கவே இல்லை. செல்லுக்குள் அண்ணன் கத்துவது கேட்டது. "ஜேசிபிய அமத்துங்க! ஏலே, கத்தாதீகடா! எல்லாரும் வாய மூடுங்க! மண்ணுல காத வச்சுக் கேளுங்க!" இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் மழை மட்டும் கேட்டது.

"அடி" என்றான்.

அடித்தாள். இடது காதில் கர்ணனின் மணி. வலது காதில் எட்டாவது வளைவின் மழை. இந்த மணி அந்த மழைக்குள் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டினாள். ஆண்டவரே, கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செல் ஒலிக்கக் கூடாது என்று ஜெபம் செய்தாள்.

முழுக்க அடித்து ஓய்ந்தது.

"ஒன்னும் கேக்கல" என்றான் அஜய். "இன்னொரு தடவ."

மூன்று தடவை அடித்தாள். மூன்று தடவையும் மழைதான்.

"அப்ப அங்கன இல்லண்ணே!"

"ஆழத்துல இருந்தா கேக்காது புள்ள. பத்தடி மண்ணு கெடக்கு. தீயணைப்புக்காரவுக தோண்டத்தான் வேணும்னு சொல்றாக." அவன் குரல் தேய்ந்திருந்தது. "அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

சுந்தர்ராஜ் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார். மிஸ்பா வாங்கி வந்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. பெண்களை மலைக்கு அனுப்பியிருந்த வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். நல்லகண்ணு என்கிற பெரியவரின் மருமகள் அதே ஜீப்பில் போனவள். அவர் உள்ளே வராமல் பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீதான பூட்டச் சொன்ன?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜெனிபர் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டதில் என்ன தப்பு?

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் செல் ஒரு தடவை அதிர்ந்தது.

யாரும் கூப்பிடவில்லை. மெசேஜ். திறந்தாள். இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தாள்.

"அம்மாவுக்கு டெலிவர்டு. பதினொன்னு அம்பத்தொன்னு."

"என்னத்தா அது?" என்றார் சுந்தர்ராஜ்.

அவள் பதில் சொல்லாமல் அண்ணனைக் கூப்பிட்டாள். விரல் இரண்டு தடவை தப்பான பொத்தானில் விழுந்தது.

"அண்ணே, தோண்டறத விடு. அம்மா அங்கன இல்ல."

"என்னா ஒளறுற?"

"ஒன்பது மணிக்கு மெசேஜ் போட்டேன். இப்பத்தான் போய்ச் சேந்திருக்கு."

"சேந்தா? செல்லு மண்ணுக்குள்ள கெடந்தாலும் சேரும்ல?"

"நீ நிக்கிற எடத்துல நம்ம டவரு இருக்கா இல்லையா?"

"இருக்கு. அதுலதான பேசிக்கிட்டு இருக்கேன்."

"அம்மா செல்லு அங்கன உசுரோட கெடந்திருந்தா ஒன்பது மணிக்கே சேந்திருக்கும்ணே. நொறுங்கிக் கெடந்திருந்தா எப்பவும் சேராது. இப்பச் சேந்திருக்குன்னா, டவரு இல்லாத எடத்துல இருந்து டவரு இருக்கிற எடத்துக்கு இப்பத்தான் வந்திருக்கு. செல்லு தானா நடந்து வராதுண்ணே. யாரோ கையில எடுத்துட்டு வந்திருக்காக."

அந்தப் பக்கம் அஜய் யாரிடமோ பொறுக்கச் சொல்வது கேட்டது.

"மேட்டுக்கு அங்கிட்டு நம்ம டவரு எங்க கெடைக்கும்? நீயே சொல்லு" என்றாள்.

"மொட்டப்பாற" என்றான் அஜய். அடுத்த நொடி அவன் குரலே மாறிவிட்டது. "ஜீப்பு தாண்டிப் போயிருக்கு! ஏ, வண்டி தாண்டிருச்சுடா!"

பின்னால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள். அஜய் சொன்னான்: "நான் ஒத்தையடிப் பாதையில ஏறி மேட்டுக்குப் போறேன். அங்க டீக்கடை பால்பாண்டிகிட்ட பைக்க வாங்கிக்கிட்டு மொட்டப்பாறைக்குப் போயிருவேன். ஒரு மணி நேரம். அப்பாகிட்ட சொல்லு."

"போண்ணே. வெரசாப் போ!"

வைத்துவிட்டான். ஜெனிபர் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த அழுகை. சுந்தர்ராஜுக்கு டெலிவரி ரிப்போர்ட் புரியவில்லை. மகள் அழுகையில் பயம் இல்லை என்பது புரிந்தது. மிஸ்பா வாசலில் நின்ற நல்லகண்ணுவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, திரும்பத் திரும்ப அதே கணக்கை விளக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு காத்திருப்பு. அம்மாவின் நம்பருக்குப் போட்டால் ஒரு தடவை அடித்து அறுந்தது, மறு தடவை அதே பெண்குரல். பாறையில் டவர் ஒரு பாயிண்ட்தான் கிடைக்கும், மழையில் அதுவும் நிலைக்காது. ஜெனிபருக்குத் தெரியும். விடாமல் போட்டால் அம்மாவின் பேட்டரி போய்விடும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் செல் ஒரே ஒரு தடவை ஒலித்து நின்றது.

திரையில் 'AMMA'. ஒரு மிஸ்டு கால்.

சுந்தர்ராஜ் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். பழக்கம். உலை வைக்க எழுந்திருக்கிறார். தான் நிற்பது கடையில் என்பது அப்புறம்தான் உறைத்தது. துண்டில்லாத தோளைத் தடவிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுபடி ஒலித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை.

"அம்மா!"

"ஜெனி..." காற்றும் மழையுமாக இரைந்தது. ஆனால் அம்மாதான். "அவுக இருக்காகளா? அவுக கிட்டச் சொல்லு. பொம்பளைக எல்லாரும் நல்லா இருக்கோம். வண்டி சகதியில மாட்டுச்சு, எறங்கித் தள்ளுனோம். நாங்க எறங்கவும் ஜீப்பு பள்ளத்துல போயிருச்சு. கர்ணனுக்குத்தான் காலு ஒடிஞ்சிருச்சு. அவன் செல்லு வண்டிக்குள்ள கெடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எறங்கி எடுக்க முடியல."

"நீ எப்படிம்மா பாறைக்கு வந்த?"

"நடந்துதான். ரெண்டு மைலு. கர்ணனுக்குக் காலக் கட்டிவிட்டுக் கெளம்பவே பத்தரை ஆச்சு."

"செல்லுல சார்ஜ் எப்படி நின்னுச்சு? நேத்து ராத்திரி நீ போடவே இல்லையே."

"நீதான போர்டுல எழுதுன? டவரு இல்லாத எடத்துல செல்லு தேடித் தேடியே சார்ஜத் தின்னுரும், அமத்தி வையுங்கன்னு. மேட்டத் தாண்டவும் அமத்திட்டேன். பாறைக்கு வந்துதான் போட்டேன். போட்டதும் ஒம் மெசேஜ் வந்து நிக்கிது. எம்பேரு. அப்பருந்து அடிச்சு அடிச்சு இப்பத்தான் கெடச்சுச்சு."

தினம் காலையில் இருட்டோடு ஜீப் ஏறப் போகிற அம்மா, சாயங்காலம் திரும்பும்போது மூடிய கடை வாசலில் நின்று அந்தப் பலகையை வாசித்திருக்கிறாள். ஒரு நாளும் சொன்னதில்லை.

"அம்மா, ராத்திரி நான் பேசுனது..."

"அதெல்லாம் கெடக்கட்டும். பேலன்சு போகுது, சொல்றதக் கேளு. தீயணைப்புக்காரவுகளக் குமுளி வழியா சுத்தி எஸ்டேட்டுக்கு வரச் சொல்லு. மேட்டுப் பக்கமிருந்து இந்தப் பாதையில ஆரையும் விடாத. நான் நிக்கிற பாறைக்குக் கீழ பாதை பொளந்து கெடக்கு. நான் பாக்கும்போதே ரெண்டு மரம் போச்சு. கால வச்சா ஆளோட போயிரும். கேக்குதா? ஒருத்தரையும் விடாத."

"அம்மா..."

"ஒங்கண்ணன் பதட்டக்காரன். அவன முதல்ல புடிச்சு நிறுத்து."

இணைப்பு அறுந்தது.

மிஸ்பா லேண்ட்லைனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போட ஆரம்பித்தாள். ஜெனிபர் அண்ணனின் நம்பரை அமுக்கினாள். மணி ஒன்றாக ஐந்து நிமிடம். கிளம்பி ஒரு மணி நேரம். இந்நேரம் செக்போஸ்ட்டைத் தாண்டியிருப்பான்.

'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்.'

"என்னத்தா சொல்றான் அஜய்?" என்று சுந்தர்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஜெனிபர் செல்லைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போ, வெரசாப் போ என்று அனுப்பியவள், செட்டிங்கை மாற்றிக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் செல்லுக்கு முன்னால் அவள் பூட்டியது அண்ணனின் செல்லைத்தான்.